ஜன்னல் வழியே வரும் லோரிச் சத்தம்

சாலையோரம் குடியிருக்கும் தோழர்கள், "ராத்திரி பூரா லோரி ஓடுது, கண்ணை மூட முடியலே" என்கிறார்கள். இதை அலட்சியமாக விடக்கூடாது. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்கும், ஆலையில் இரவு வேலை முடித்துப் பகலில் படுக்கிறவருக்கும் தூக்கம்தான் மறுநாள் தெம்பு. "பழகிப் போச்சுங்க" என்பார் சிலர். காது பழகலாம், உடம்பு அவ்வளவாகப் பழகுவதில்லை. லோரி கடக்கும்போது தூங்குகிறவரின் நாடி எகிறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. இரவில் சாலை இரைச்சல், வீட்டுக்கு வெளியே அளந்தால், சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்கான வழிகாட்டியில் சொன்னது.

காற்று நுழையும் வழியெல்லாம் சத்தமும் நுழையும். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஊதுபத்தியை ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கேதான் சந்து. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியை எவ்வளவு கனமாக அடைத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வெடிப்பைச் சிலிக்கான் பசையால் அடைக்கலாம். திறந்து மூடும் கதவின் ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம்.

அடுக்குக் கண்ணாடி ஜன்னல், அதாங்க, நாக்கோ, அதுதான் தொல்லை. இறுக்கி மூடினாலும் கண்ணாடிக்குக் கண்ணாடி இடுக்கு இருக்கும். இதற்கு உள்பக்கம் இரண்டாவது மூடி ஒன்று போட வேண்டும். 6 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் அல்லது 12 மில்லிமீட்டர் பலகையை ஜன்னலைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, கொக்கியால் இறுக்குங்கள். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே நாலு அங்குலம் இருந்தால் நல்லது. இரவில் மாட்டி, காலையில் கழற்றிவிடலாம். முட்டை அட்டையை ஒட்டுவது வீண் வேலை. திரைச்சீலையும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், லோரியை நிறுத்தாது.

வெக்கைக்கு என்ன செய்வது? சாலைப் பக்கத்து ஜன்னலை மட்டும் மூடுங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும். முடிந்தால் படுக்கையையும் அந்தப் பக்கம் மாற்றுங்கள். மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்த வேண்டாம்.

உடைந்த கண்ணாடிக்கு அட்டையைச் செருகிக்கொண்டு சிலர் வருஷக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். அது உங்கள் கைக்காசில் செய்ய வேண்டிய வேலை இல்லை. தோட்டம் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் (446) சொல்கிறது. கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வீட்டில் நிரந்தரமாக எதையாவது பொருத்துவதானால் ஆபீசிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலகையை ஆணியடித்து மூடாதீர்கள். தீப்பிடித்தாலோ கேஸ் கசிந்தாலோ ஒரே இழுப்பில் கையோடு வர வேண்டும்.