டீ மாஸ்டரின் இடது கை



சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விதான் என்றாலும், வீட்டுச் சண்டையும் கூடவே கடிதத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்களாகின்றன. இடது கை கொஞ்சம் எழும்புகிறது, விரல்கள் விரியவில்லை. உங்கள் பையன் தன் கேம் பெட்டியை டிவியில் மாட்டி, தாத்தாவின் இடது கையில் கன்ட்ரோலரைத் துணியால் கட்டி டென்னிஸ் ஆட வைக்கிறான். "இழுத்துக்கிட்டுக் கெடக்கற மனுசனுக்கு வெளையாட்டு ஒரு கேடா?" என்று சித்தப்பா கத்துகிறார். இது வைத்தியத்தில் சேருமா?

சேரும். ஆனால் சித்தப்பாவை மடக்க இந்தக் கடிதத்தை நீட்டிவிடாதீர்கள். பாதி நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது.

கையை வீசினால் திரையில் மட்டை வீசும் 'வீ' பெட்டியை நின்டெண்டோ 2006இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்காக வந்ததைப் பிசியோதெரபி அறைகளும் வாங்கிக்கொண்டன. டொராண்டோவின் நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் 22 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு 2010இல் வெளியானது. முடிவு நம்பிக்கை தந்தது. பிறகு நான்கு நாடுகளில் 14 மையங்கள், 141 பேர் என்று அதையே பெரிதாகச் செய்தார். ஒரு சாராருக்கு வீ. மறு சாராருக்குச் சீட்டு, பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா. இரண்டு வாரத்தில் பத்து முறை, முறைக்கு ஒரு மணி நேரம். முடிவு 2016இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்தது: இரு சாராரும் தேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவில்.

இரு தரப்புக்கும் வழக்கமான பயிற்சியும் நடந்தது. முதல் மாதங்களில் மூளை தானாகவும் தேறும். அதனால் தேறியது எதனால் என்று இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. கேம் பெட்டி சீட்டுக்கட்டைவிட உசத்தி இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. உங்களிடம் யாராவது 'பக்கவாதத்துக்கென்றே செய்த' விலை உயர்ந்த கருவியை விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நான் ஏன் சேரும் என்கிறேன்? எண்ணிக்கைக்காக. அமெரிக்க, கனடிய சிகிச்சை மையங்களில் ஆய்வாளர் கேத்தரின் லாங்கின் குழுவினர் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பயிற்சி வேளையில் நோயாளி தன் கையால் ஒரு காரியத்தைச் செய்து பழகியது சராசரியாக 32 தடவை. 2009இல் வெளிவந்த கணக்கு இது. ஆய்வுக்கூட விலங்குகளின் மூளையில் மாற்றம் தென்பட்டதோ, ஒரு நாளில் சில நூறு தடவை செய்தபோது. தோளைத் தூக்கு, இறக்கு என்று முந்நூறு முறை சொன்னால் யார் செய்வார்? பேரனோடு பந்தயம் என்றால் எண்ணிக்கை தெரியாமலே ஏறும்.

72 ஆய்வுகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பும் இந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. பயிற்சியை நிறுத்திவிட்டு விளையாட்டை வைத்தால் கைக்குத் தனி லாபம் இல்லை; பயிற்சிக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தால் ஓரளவு பலன் இருக்கலாம். ஆகவே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டை, கேம் இருக்கிறதே என்று வரவேண்டாமெனச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது டால்ஃபின் கதை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராக்கவரின் குழு உருவாக்கிய விளையாட்டு. ஓர் இயந்திரக் கரம் நோயாளியின் கைப் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, அவர் கை போகும் திசையில் திரையில் டால்ஃபின் நீந்தும், மீன் பிடிக்கும், சுறாவோடு மோதும். இப்படித்தான் அசைக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கை தானே வழி தேடும். பக்கவாதம் வந்து ஆறு வாரத்துக்குள் இருந்த 24 பேரில் ஒரு பிரிவினர் இதை ஆடினார்கள், மறு பிரிவினர் அதே அளவு நேரம் வழக்கமான கைப்பயிற்சி செய்தார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், மூன்று வாரம். இங்கேயும் இரண்டும் சமம். ஆனால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டால், கையைப் பயன்படுத்தும் திறனில் இரு பிரிவினருமே முன்னால் இருந்தார்கள். மணிக்கணக்கில் செய்வதே காரணம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் கூடத்துக்கு வருகிறேன். அப்பா ஆடும்போது திரையை விட்டுவிட்டு அவர் உடம்பைப் பாருங்கள். கை எழாதபோது முதுகைச் சாய்த்து, தோளை எக்கி பந்தை அடித்துவிடுவார். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது, அதுவும் 'சபாஷ்' போடும். கைப்பிடி உள்ள நாற்காலியில் முதுகு ஒட்டி உட்காரட்டும். நின்று ஆடுவது பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு. தோளில் வலி வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது, பாசத்தில்கூட. வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரைக் கேட்காமல் திரை முன் உட்கார வைக்காதீர்கள். இலையில் இடப்பக்கச் சோற்றை மீதி வைக்கிறாரா என்றும் கவனியுங்கள். வைத்தால், இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடும் குறை இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கைபேசியில் நல்ல கைக் கட்டைவிரலால் தட்டும் விளையாட்டு பொழுதுபோக்கு, அவ்வளவே.

முப்பது வருடம் டீ ஆற்றியவர் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கேமை முடித்ததும் மடியில் அகலமான தாம்பாளம் வைத்து, இரண்டு எவர்சில்வர் டம்ளரில் பச்சைத் தண்ணீர் கொடுத்து ஆற்றச் சொல்லுங்கள். விரல் பிடிக்காதவரை இடது டம்ளரை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம். எந்த வேலைக்குக் கை திரும்ப வேண்டுமோ அந்த வேலையையே பழக்குவதும் நல்ல பயிற்சி. சாயங்காலம் பல்லாங்குழி ஆடினாலும் சரி, சோழி பொறுக்கும் விரலுக்கு நல்ல வேலை. அதற்குச் சித்தப்பாவையே எதிராளியாக உட்கார வையுங்கள்.

கடைசியாக, பேரன் வேண்டுமென்றே தோற்கிறான் என்றீர்கள். வேண்டாம். தாத்தா கண்டுபிடித்துவிடுவார். ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு அவனை நிஜமாக ஆடச் சொல்லுங்கள். தாத்தா சுலபமாக ஜெயித்தால் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டட்டும்.