சொந்த போனில் ஆபீஸ் வேலையா?

நார்வேயின் ஸ்தவாங்கரில் எண்ணெய் கம்பெனியோ மென்பொருள் கம்பெனியோ, சேர்ந்த கையோடு "உங்கள் போனிலேயே ஆபீஸ் மெயிலைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், சம்மதிக்கும் முன் எந்த முறையில் இணைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆண்ட்ராய்டில், ஆபீஸ் ஆப்களைத் தனியே பிரித்து வைக்கும் 'வொர்க் ப்ரொஃபைல்' போதும். ஆபீஸ் ஆப்களின் ஓரத்தில் சின்னதாக ஒரு கைப்பெட்டி அடையாளம் தெரியும். ஊர் வாட்ஸ்அப் குரூப், பிள்ளைகளின் படங்கள், பேங்க்ஐடி (மின்னணு அடையாளம்) எல்லாம் அதற்கு வெளியே. கம்பெனி கண்ணில் படாது. போன் தொலைந்தாலும் ஆபீஸ் பக்கத்தை மட்டும்தான் அழிப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிறுத்தி வைக்கலாம், வார இறுதியில் நிம்மதி. போன் முழுவதையும் கம்பெனி நிர்வகிக்கும் முறை வேறு: அதில் மொத்தத்தையும் அழிக்க முடியும். அப்படிக் கேட்டால் கூச்சப்படாமல் தனி போன் கேளுங்கள்.

ஊழியரைக் கண்காணிக்க நியாயமான காரணம் வேண்டும், முன்கூட்டியே சொல்லவும் வேண்டும் என்கிறது நார்வே தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் அத்தியாயம். சந்தேகம் வந்தால் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள்.

போன் வழியாகத் தகவல் கசியுமோ என்ற கம்பெனியின் பயமும் வீண் இல்லை. நார்வே நீதி அமைச்சராக இருந்த எமிலி எங்கர் மெஹ்ல் பணி போனில் டிக்டாக் வைத்திருந்தது 2023இல் பெரிய விவகாரமானது. அதே ஆண்டு மார்ச்சில், அரசு ஊழியர்களின் பணி போன்களில் டிக்டாக்கும் டெலிகிராமும் வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது.

வேலையை விடும்போது வொர்க் ப்ரொஃபைலை மறக்காமல் நீக்கிவிடுங்கள். சொந்தப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.