பெரிய மீன் தொட்டி: செலவு எங்கே?

ஆறடி நீளம், ஈரடி அகலம், ஈரடி உயரத் தொட்டிக்கு ஏறக்குறைய 680 லீட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீரே 680 கிலோ. அதனால் முதற்காசைத் தரைக்கும் தாங்கிக்கும் போடுங்கள். கண்ணாடி 12 மில்லிமீற்றர் இருப்பது நல்லது. வாசலில் இடமிருந்தால் சீமெந்துத் தொட்டி மலிவு. புதுச் சீமெந்தின் காரம் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள்.

மாதச் செலவைத்தான் பலர் மறக்கிறார்கள். 40 வாட் மோட்டார் இரவுபகலாக ஓடினால் மாதம் 29 யூனிட் கூடும். இரத்தினபுரி வெக்கைக்கு ஹீட்டர் தேவையே இல்லை.

பீலித் தண்ணீர் இலவசம். மேலே தேயிலைக்கு மருந்தடித்திருந்தால் மட்டும் பிடிக்காதீர்கள்.

ஓடை மீனைத் தொட வேண்டாம்: கேகாலை கலப்பிட்டமடைக்கே உரிய பந்துல கெண்டை அழிவின் விளிம்பில் நிற்கிறது. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டே மீன் வாங்குங்கள்.