தேடுபொறியின் கண்ணில் படாத கடை

மேல்நிலை முதலாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் நடத்துகிறோம். அடுத்த ஆண்டு மின்வணிகம் நடத்துகிறோம். இரண்டையும் இணைக்கும் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் வகுப்பில் கேட்பதில்லை. ஒரு வணிகர் இணையதளம் அமைத்துவிட்டார். அதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முகவரி தெரிந்து வருபவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கூகுள் போன்ற தேடுபொறியில் பொருளின் பெயரைத் தட்டச்சு செய்து வருபவர்கள். அங்கே தென்படாத கடை, பலகையில்லாமல் சந்துக்குள் இருக்கும் கடைதான்.

இதை நடத்த நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு பவானி ஜமக்காளம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் பொருள். விசைத்தறியில் நெய்த நகல்களோடு போட்டி போட வேண்டிய நிலையில் இருப்பது. ‘பவானி ஜமக்காளம்’ என்று ஒருவர் தேடும்போது, தறியில் உட்கார்ந்து நெய்தவரின் பக்கம் வராமல் நகல் விற்பவரின் பக்கம் வந்தால், பெயர் ஒருவருக்கும் வருமானம் இன்னொருவருக்கும் போகிறது. புவிசார் குறியீடு சட்டப் பாதுகாப்பு தரும். தேடல் பட்டியலில் இடம் பிடித்துத் தராது.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தை விளக்கத் தமிழாசிரியர்களிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது: சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் இறுதியில் தரும் பட்டியல். தேடுபொறியின் நிரல் இணைப்பு இணைப்பாகத் தாவிப் பக்கங்களைப் படித்து, இப்படி ஒரு மாபெரும் சொல்லடைவைத் தயாரித்து வைக்கிறது. நாம் தேடும்போது அது அலசுவது அந்த அடைவைத்தான். அடைவில் ஏறாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடையாக வராது.

மாணவர்கள் மாதிரிப் பக்கம் தயாரிக்கும்போது முதலில் செய்வது, கடைப் பெயர், விலை, முகவரி எல்லாவற்றையும் ஒரே வண்ணப் படமாக வடிவமைத்து ஒட்டிவிடுவது. துண்டறிக்கை பார்த்த பழக்கம். நம் கண் படத்திலுள்ள எழுத்தைப் படித்துவிடும். நிரலும் அப்படியே படித்து அடைவில் ஏற்றும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே முக்கியச் செய்திகள் எழுத்தாகவே இருக்க வேண்டும். படத்துக்கு ‘ஆல்ட்’ பண்பில், ‘சிவப்பு, பச்சைக் கோடுகள் கொண்ட பவானி கைத்தறி ஜமக்காளம்’ என விளக்கம் எழுதச் சொல்கிறேன். பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைபடிப்பானும் இதையே வாசித்துக் காட்டும் என்பதால் இந்தப் பழக்கத்துக்கு இரட்டைப் பலன். ‘டைட்டில்’ குறிக்குள் ‘முகப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதும் வழக்கம். தேடல் முடிவில் பெரும்பாலும் தலைப்பாகத் தெரிவது அந்த வரிதான். பொருளும் ஊரும் அங்கே வர வேண்டாமா?

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. இதற்கு ஒரு முழுப் பாடவேளையையே ஒதுக்கலாம். அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்தக் கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால் தேடுபொறியும் அதைத்தான் பார்க்கும். தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. ஆய்வகத்தில் எழுத்துருவை மாற்றிக் காட்டுங்கள். ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

சொல் தேர்வும் கவனிக்க வேண்டியது. ‘ஜமக்காளம்’ என்று தேடுபவர் உண்டு, ‘சமக்காளம்’ என்பவர் உண்டு, ஆங்கில எழுத்தில் அடிப்பவர் உண்டு, பெயரே தெரியாமல் ‘கல்யாண வீட்டு விரிப்பு’ என்று தேடுபவரும் உண்டு. வாங்குபவர் வாயில் வரும் சொற்கள் பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதே சொல்லை நூறு முறை ஒளித்துவைக்கும் தந்திரம் ஒரு காலத்தில் இருந்தது. இன்று அப்படிச் செய்யும் தளத்தைத் தேடுபொறி பின்னுக்குத் தள்ளும், சில வேளை நீக்கியும் விடும். ‘மெட்டா’ குறியில் குறிச்சொற்களை அடுக்கினால் போதும் என்று இன்னும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

“பணம் கட்டினால் முதலில் வந்துவிடாதா சார்?” என்ற கேள்வி தவறாமல் வரும். வரும், விளம்பரம் என்ற முத்திரையோடு. பணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். சிறு நெசவாளருக்கு அது தொடர்ந்து கட்டுபடியாகாது என்பதை வணிகவியல் ஆசிரியரே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

வேகம், கைப்பேசியில் பொருந்தும் வடிவம் ஆகியவையும் தரவரிசையில் பங்கு பெறுகின்றன. கைப்பேசிப் பொருத்தத்தை 2015 முதல் கூகுள் கணக்கில் எடுக்கிறது. நல்ல தளங்கள் தரும் இணைப்பு பரிந்துரைபோல மதிக்கப்படுகிறது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படையாக இருந்ததே இந்த எண்ணம்தான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதில் சேரலாம். ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்க்காத நண்பனுக்குப் புரியும்படி ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை அப்போது எழுதுவது ஒரு நல்ல ‘ஆல்ட்’ விளக்கம்.