வீட்டிலிருப்பதா, தொழிலுக்குப் போவதா?

கொள்ளைநோய்க் காலத்தில் இரண்டுமே உயிர்காக்கும் கடமைகள்தாம்.

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கமத்துக்கும் கடற்றொழிலுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயின் அது போதுமா? ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவவே, சந்தை மூடப்பட்டது. மக்கள் மீனுண்ணவே அஞ்சினர். நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நோயைப் பரப்பியது மீனன்று, சந்தை நெரிசலே.

பாடம் இதுதான்: நெரிசலைத் தடுப்போம், தொழிலைத் தடுக்க வேண்டாம். அல்லைப்பிட்டிக் கரையில் ஒரே இடத்தில் குவியாமல் பிரித்து விற்கலாம், எஞ்சியதைக் கருவாடாக்கலாம். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் படலையில் அயலவர் அரிசியும் மீனும் வைக்கலாம். நாட்கூலியாளரின் அடுப்பு அணைந்தால் எந்தக் கட்டுப்பாடும் நிலைக்காது.

அடுத்த நோய் வருமுன், இதை நம் வீட்டில் பேசி வைப்போமா?