முயல் காது: எது இயல்பு, எது நோய்?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முயலுக்கு அதற்கு முன்பும் தடையில்லை, உரிமமும் தேவையில்லை. பூன் லேயின் அடுக்குமாடிகளில் முயல் வளர்ப்போர் வாங்கும்போது கூண்டு, வைக்கோல், தீனி எல்லாம் விசாரிப்பார்கள். காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு முறை தலையை உதறினாலே பதறுகிறோம்; வாரக்கணக்கில் சொறிந்தாலோ, அதன் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தவறு.

நம்பிக்கை: காதை இழுத்து நக்கினால் காதில் பூச்சி இருக்கிறது.

உண்மை: அது முயலின் குளியல். முன்னங்கால்களை நக்கி ஈரமாக்கி முகத்தைத் துடைக்கும். பிறகு ஒரு காதை இரு கால்களுக்கும் நடுவே பிடித்துக் கீழே இறக்கி, நுனிவரை வழித்து நக்கும். அடுத்து மறு காது. கடைசியில் தலையை ஓர் உதறு உதறிவிட்டு வைக்கோலைத் தேடிப் போய்விடும். ஒரு காது முன்னும் ஒரு காது பின்னுமாக நின்றால், இரண்டு பக்கச் சத்தத்தையும் கேட்கிறது என்று பொருள். ஒரே காதை ஓயாமல் சொறிவது, தொட்டால் துள்ளி விலகுவது, காதடியில் முடி உதிர்வது, நாற்றம் வருவது ஆகியவைதான் நோயின் அடையாளம்.

நம்பிக்கை: காது சூடாக இருந்தால் காய்ச்சல்.

உண்மை: நம்மைப் போல் முயலுக்கு வியர்க்காது. வெயில் நேரத்தில் காதிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து உடல் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38.5 முதல் 40 டிகிரி வரை. சிங்கப்பூரின் 31, 32 டிகிரி மதியத்தில் காது சூடாகாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் சூடான காதோடு முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கம். குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் காதைத் துடைத்தபடியே மருத்துவரிடம் விரையுங்கள். காது சில்லிட்டு, முயல் குறுகி உட்கார்ந்து, சாப்பிடவும் மறுத்தால் அதுவும் ஆபத்துதான்.

நம்பிக்கை: காதுப் பொருக்கு வெறும் அழுக்கு, நல்லெண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்துவிடலாம்.

உண்மை: இளமஞ்சள் மெழுகு கொஞ்சம் இருப்பது இயல்பு. பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்தால், பெரும்பாலும் சோராப்டிஸ் என்ற காதுச் சிற்றுண்ணியின் வேலை. பொருக்குக்கு அடியில் தோல் புண்ணாகியிருக்கும். பிய்த்தால் ரத்தம் வரும், வலியில் உயிர்போகும். மருந்தில் உண்ணி செத்ததும் பொருக்கு தானாகவே உதிர்ந்துவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நடுக்காதுவரை இறங்கிவிடும். பஞ்சுக்குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

எடை பார்த்து ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பு. நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்கு விடவே கூடாது. அது உயிரையே பறிக்கக்கூடும். வீட்டில் இரண்டு முயல் இருந்தால் இரண்டுக்கும் சிகிச்சை தேவை. கூண்டு, விரிப்பு, சீப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். முயலை விட்டு விழுந்த உண்ணியும் பல நாள் உயிரோடிருக்கும்.

நம்பிக்கை: தொங்குகாது வெறும் அழகு; மற்றபடி எல்லா முயலும் ஒன்றுதான்.

உண்மை: லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 தொங்குகாது முயல்களையும் 15 நிமிர்காது முயல்களையும் ஒப்பிட்டு 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொங்குகாது முயல்களுக்குக் காதுக்குழாய் குறுகியும் மெழுகு மிகுந்தும் இருந்தன. பரிசோதனையின்போது காது வலியும் அவற்றிடமே அதிகம் தெரிந்தது. காதில் தொற்று வந்தால், முயலின் சீழ் பனீர்த் துருவல் போலக் கெட்டியாக இருப்பதால் எளிதில் வடியாமல் காதடியிலேயே கட்டியாகத் தங்கிவிடும். தொங்குகாது முயல் வளர்ப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது காதைத் தூக்கி உள்ளே பாருங்கள். இரண்டு காதடிகளையும் விரலால் மெல்ல வருடி, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: தலை சாய்ந்துவிட்டால் முயல் பிழைக்காது.

உண்மை: ஓடி ஆடிய முயல் சட்டென்று பக்கவாட்டில் சரிந்து படுப்பது நிம்மதியின் அடையாளம். சிவப்புக் கண் கொண்ட வெள்ளை முயல் தலையை இடவலமாக மெல்ல ஆட்டுவது, பார்வை மங்கலாக இருப்பதால். சாய்ந்த தலை நிமிராமலே இருப்பது, கண்மணி துடிப்பது, உடல் உருள்வது ஆகியவை வேறு. உட்காதுத் தொற்றோ, மூளையைத் தாக்கும் என்செஃபலிடோசூன் என்ற ஒட்டுண்ணியோ காரணமாக இருக்கலாம். அன்றே சிகிச்சை தொடங்கினால் பல முயல்கள் தேறுகின்றன. தலை சற்றுச் சாய்ந்தபடியே நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் முயல்களும் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், வந்து போவது இயல்பு. நிலைத்து நிற்பது நோய். முயல் இரையாகும் விலங்கு. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். ஆகவே காதோடு சேர்த்துத் தீனித் தட்டையும் புழுக்கையையும் பாருங்கள். 12 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எல்லா விலங்கு மருந்தகங்களும் முயலைப் பார்ப்பதில்லை. எம்ஆர்டியிலும் பேருந்திலும் செல்லப்பிராணியைக் கொண்டு போகவும் முடியாது. முயல் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணையும், செல்லப்பிராணியை ஏற்றும் வாடகை கார் சேவையின் எண்ணையும் இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.