விழாக்காலப் பிஸ்கோத்து

ஜெர்மனி நாட்டில் டிசம்பர் மாதம் கடுங்குளிர்க் காலம் ஆகும். பகலவன் காலை எட்டு மணியளவில் எழுந்து, மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடுகின்றான். மரங்கள் இலையுதிர்ந்து நிற்கின்றன. வயல்கள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கின்றன. புறத்தே இங்ஙனம் ஒளியும் வெம்மையும் குன்றிய அந்நாள்களில், வீட்டின் அடுக்களைகளோ ஒளியும் மணமும் நிறைந்து விளங்குகின்றன. வெண்ணெயும் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் அடுப்பில் வெந்து எழுப்பும் நறுமணம், தெருவிற் செல்வோரையும் ஒரு கணம் நிற்கச் செய்கின்றது. கிறிஸ்துமஸ் பெருநாள் அணிமையில் வந்துவிட்டது என்பதனை நாட்காட்டி அறிவிக்கு முன்னரே அந்நறுமணம் அறிவித்துவிடும். வீடுதோறும் விழாக்காலப் பிஸ்கோத்துச் சுடுகின்றனர்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தன்னுட்கொண்ட காலத்தைத் திருவருகைக் காலம் என்பர். அது காத்திருக்கும் காலம். காத்திருத்தல் சிறுவர்க்கு எளிதன்று. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கென ஓர் இல்லம் நடத்தி வந்த விக்கெர்ன் என்னும் பெரியார், பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் உண்டு என்று ஓயாது வினவிய சிறுவர்களுக்காக 1839ஆம் ஆண்டு ஒரு வழி கண்டார். வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவத்திகளை நிறுத்தி, வார நாளுக்குச் சிறியது ஒன்றும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது ஒன்றுமாக நாள்தோறும் ஏற்றச் செய்தார். நாள் குறையக் குறைய ஒளி பெருகிற்று. இன்று ஜெர்மானியர் தம் இல்லங்களில் நான்கு மெழுகுவத்திகளுடன் வைக்கும் பசுந்தழை வளையம் அதன் வழி வந்ததே.

பிஸ்கோத்துச் சுடுதலும் இக்காலத்திற்கே உரிய தொழிலாகும். சுட்டவற்றுள் உடைந்தவை மட்டும் அன்றே சிறுவர்க்குக் கிடைக்கும். முழுமையானவை தகரப் பெட்டிகளில் அடுக்கப் பெற்று, பெருநாள் வரும்வரை உயரமான நிலைப்பேழையில் வைக்கப் பெறும். 'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்நாட்டுச் சிறுவரோ ஆறிய பின்னரும் மூன்று வாரம் பொறுத்தல் வேண்டும்!

இப்பிஸ்கோத்துகள் பல வகையின. தெற்கு ஜெர்மனியில் செய்யப்படும் 'சுப்ரிங்கெர்லே' என்பது மர அச்சில் அழுத்தி எடுக்கப்படுவது. பேரி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய அவ்வச்சுகளில் மலரும் பறவையும் விவிலியக் காட்சிகளும் அமைந்திருக்கும். அச்சழுத்திய மாவினை உடனே சுடுதல் இல்லை. ஏறத்தாழ ஒரு நாள் உலர விடுவர். மேற்புறம் உலர்ந்து இறுகுவதால், அடுப்பின் வெப்பத்தில் மாவு அடிப்புறமாகவே உப்பும். மேலுள்ள ஓவியம் சிதையாது நிற்கும். மற்றொன்று இலவங்கப்பட்டை விண்மீன். இதிற் கோதுமை மாவு இல்லை. அரைத்த வாதுமைப் பருப்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை, இலவங்கப்பட்டைப் பொடி ஆகியவற்றால் ஆக்கி, வெண்ணிறச் சர்க்கரைப் பூச்சிட்டுச் சுடுவர்.

எனினும், சிறுவர் யாவரும் கைகலந்து செய்வதற்கு ஏற்றது எளிய வெண்ணெய்ப் பிஸ்கோத்தே ஆகும். அதன் அளவினை அந்நாட்டவர் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நினைவிற் கொள்வர். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்பது அதன் பொருள். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், கோதுமையின் வெண்மாவு 300 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. இவ்வளவே வேண்டப்படும் பொருள்கள்.

பொருள்கள் எளியவை, செய்முறையிலோ கருத்து வேண்டும். வெண்ணெய் குளிர்ந்திருத்தல் வேண்டும். அதனைச் சிறு துண்டுகளாக்கி, மாவுடன் சேர்த்து விரல் நுனிகளால் விரைவாகப் பிசிறுவர். உள்ளங்கை பட்டால் அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். பின்னர்ச் சர்க்கரையும் முட்டையும் உப்பும் சேர்த்து ஒன்றாகத் திரட்டுவர். நெடுநேரம் பிசைதல் கூடாது. கோதுமை மாவு ஈரம்பட்டுப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதங்கள் பின்னி ஒருவகைப் பசைத்தன்மை உண்டாகின்றது. ரொட்டிக்கு அப்பசை வேண்டும். பிஸ்கோத்துக்கோ அது பகை. மிகப் பிசைந்த மாவு சுட்டபின் சுருங்கிக் கடினமாகும். திரட்டிய மாவினைக் குறைந்தது ஒரு மணி நேரம் குளிரில் வைப்பர். வெண்ணெய் மீண்டும் இறுகும், மாவும் இளைப்பாறும்.

அதன்பின், மாவு தூவிய பலகையில் உருட்டுக் கட்டையால் மெல்லியதாகப் பரப்புவர். இங்கேதான் சிறுவரின் ஆர்வம் பெருகும். விண்மீன், பிறை, மணி, மரம், இதயம் முதலிய வடிவங்களில் வளைக்கப்பட்ட தகர அச்சுகளை மாவில் அழுத்தி எடுப்பர். இடைவெளி மிகுதியாக விட்டு அச்சிடும் சிறுவரை மூதாட்டி இடித்துரைப்பாள். எஞ்சிய துணுக்குகளைத் திரட்டி மீண்டும் பரப்பலாம். ஆயினும், ஒவ்வொரு முறையும் மாவின் மென்மை குறையும். ஆதலின், முதற் பரப்பிலேயே நெருக்கமாக அச்சிடுதல் அறிவுடைமை. சிக்கனம் என்பதனை அடுக்களைப் பலகை இங்ஙனம் கற்பிக்கின்றது.

ரொட்டி சுடும் அடுப்பினை முன்னரே 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, தட்டில் அடுக்கிய பிஸ்கோத்துகளைச் சுமார் பத்து நிமிடம் சுடுவர். ஓரம் மட்டும் இளம்பொன் நிறம் பெற்றவுடன் வெளியே எடுத்தல் வேண்டும். நடுவில் சற்று மென்மையாக இருக்கின்றதே என்று மேலும் வைத்தால், நிறம் கருகிச் சுவை கெடும். தட்டின் சூடே எஞ்சிய வேலையை முடித்துவிடும். எப்பொழுது தொடங்குவது என்பதனைப் போலவே, எப்பொழுது நிறுத்துவது என்பதனை அறிதலும் தொழிலறிவின் பாற்பட்டதன்றோ?

இனி அழகுபடுத்தும் கலை. ஒரு முட்டையின் வெண்கருவில் 150 முதல் 200 கிராம் வரை நுண்ணிய சர்க்கரைப் பொடியையும் எலுமிச்சைச் சாறு சில துளிகளையும் சேர்த்து நன்கு அடித்தால், பனி போன்ற வெண்களி கிடைக்கும். இக்காலத்தில் பச்சை வெண்கருவுக்கு ஈடாக, தூய்மை செய்து உலர்த்திய வெண்கருப் பொடியைப் பலர் கையாளுகின்றனர். நோய்க் கிருமிகளுக்கு அஞ்சிச் செய்யும் நல்ல மாற்றம் அது. களியினை இருவகையாக்குவர். கெட்டியானதைக் காகிதக் கூம்பில் இட்டு, அதன் நுனியால் பிஸ்கோத்தின் ஓரத்தில் வரம்பு கட்டுவர். சில துளி நீர் விட்டு இளக்கியதை அவ்வரம்பிற்குள் ஊற்றிப் பரவ விடுவர். வரம்பு உயர நீர் நிற்கும் வயலைப் போல, களி ஓரம் வழியாமல் சமமாக நிற்கும். செம்மைக்குப் பீட்ரூட்டுச் சாறும் பசுமைக்குக் கீரைச் சாறும் கலப்பதுண்டு. அடிப்பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அதன்மேற் கோடும் புள்ளியும் இடலாம். பொறுமையின்றி ஈரத்தின்மேல் இட்டால், நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து உருவம் அழிந்துவிடும். ஆகவே, ஓர் இரவு முழுவதும் அவை உலரக் கிடக்கும்.

இவ்வளவு உழைப்பும் யாருக்கு? பெருநாளன்று வீட்டில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வண்ணத்தட்டு வைக்கப் பெறும். பிஸ்கோத்தும் கொட்டைப் பருப்பும் பழமும் அதில் நிறைந்திருக்கும். ஏனைய பிஸ்கோத்துகள் சிறு பொட்டலங்களாகி அண்டை வீட்டார்க்கும், ஆசிரியர்க்கும், தனித்து வாழும் முதியோர்க்கும் செல்லும். தான் செய்தவற்றுள் அழகியதனைப் பிறர்க்கென எடுத்து வைத்து, ஓரம் வளைந்ததனைத் தனக்கென வைத்துக்கொள்ளும் சிறுமி, எந்நூலும் கற்பிக்க அரிய பண்பு ஒன்றினைக் கற்றுக்கொள்ளுகின்றாள்.

இவ்வழக்கம் கடல் கடந்து அமெரிக்காவிலும் வேரூன்றிற்று. அங்கே அமெலியா சிம்மன்ஸ் என்னும் அம்மையார் 1796ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட சமையல் நூல், அமெரிக்கர் ஒருவரால் எழுதப் பெற்று அந்நாட்டில் அச்சேறிய முதற் சமையல் நூலாகப் போற்றப்படுகின்றது. கிறிஸ்துமஸ் பிஸ்கோத்துக்கு அதிற் கூறப்பட்ட முறை வியப்பூட்டுவது. மூன்று இராத்தல் மாவு, ஒரு இராத்தல் வெண்ணெய், ஒன்றரை இராத்தல் சர்க்கரை ஆகியவற்றோடு ஒரு தேநீர்க் கோப்பை கொத்தமல்லி விதைப்பொடியும் அம்மையார் சேர்க்கச் சொல்லுகின்றார். மாவினை இலேசாக்குவதற்கு, விறகுச் சாம்பலிலிருந்து வடித்தெடுத்த உப்பினைப் பாலிற் கரைத்து ஊற்றச் சொல்லுகின்றார். மட்பாண்டத்தில் இட்டு வைத்தால், ஆறு மாதம் சென்றபின் இன்னும் மென்மையும் சுவையும் மிகும் என்றும் உரைக்கின்றார்.

குளிர்நாட்டுப் பண்டமாயினும், இதன் பெயர்களையும் பொருள்களையும் ஆராய்வார்க்கு நம் நாட்டு மணம் வீசும். இஞ்சி சேர்த்த பிஸ்கோத்தும் இவ்விழாவில் இடம்பெறுவது. இஞ்சிக்கு ஜெர்மானியர் வழங்கும் பெயர் 'இங்வெர்'. 'இஞ்சிவேர்' என்னும் சொல்லோடு அஃது ஒத்து ஒலிப்பது தற்செயலன்று. திராவிட மொழிச் சொல் பாலி, கிரேக்கம், இலத்தீன் என மொழிதொறும் திரிந்து அந்நாட்டை அடைந்தது என்பர் மொழியறிஞர். சர்க்கரைக்கு அவர்கள் வழங்கும் 'சுக்கெர்' என்பதும், 'சர்க்கரா' என்னும் வடசொல் பாரசீகம், அரபு மொழிகளின் வழியாகச் சென்று திரிந்ததே. கரும்பின் சாற்றைக் கட்டியாக்கும் கலை இந்தியாவிலிருந்து மேற்கே பரவிற்று. பண்டத்தோடு பெயரும் பயணம் செய்தது.

ஆயினும், சர்க்கரையின் பயணம் இனிமை மட்டும் உடையதன்று. நெடுங்காலம் ஐரோப்பாவில் அது மருந்துபோல் நிறுத்து விற்கப்பட்ட அரும்பொருளாக இருந்தது. ஏழையர் வீட்டில் தேனே இனிப்பு. பின்னர், அமெரிக்கத் தீவுகளிலும் பிரேசிலிலும் கரும்புத் தோட்டங்கள் பெருகின. வெட்டிய கரும்பினை ஓரிரு நாளுள் ஆட்டாவிடின் சாறு கெடும். எனவே, பகலெல்லாம் வெட்டுதலும் இரவெல்லாம் காய்ச்சுதலும் நிகழ்ந்தன. அக்கொடிய வேலைக்கென ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கப்பல்களில் கொண்டு செல்லப்பட்டனர். மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று வரலாற்றறிஞர் கணக்கிடுகின்றனர். பிஸ்கோத்தின்மேற் பனிபோல் மின்னிய வெண்மைக்குப் பின்னே அவர்களுள் பலரின் கண்ணீர் இருந்தது.

உண்மை அறிந்த நல்லோர் வாளா இருந்திலர். 1791ஆம் ஆண்டு அடிமை வாணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றம் தள்ளிவிட்டபோது, அந்நாட்டில் பல்லாயிரம் குடும்பத்தார், அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்ணோம் என்று உறுதி பூண்டனர். வீட்டுக்கு வேண்டுவன வாங்கும் பெண்டிரே அதில் முன்னின்றனர்; வாக்குரிமை இல்லாத அவர்கள், அடுக்களையினின்றே அரசுக்குத் தம் கருத்தினை அறிவித்தனர். 1807இல் ஆங்கிலேயர் அடிமை வாணிகத்தை விலக்கினர். அவர்தம் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறிற்று.

அதன்பின் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'டிரூரோ' என்னும் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இந்தியர் அந்த நேட்டால் பகுதிக்குச் சென்றனர். அவர்களுள் தமிழர் பலர். அங்கே கரும்புக் காட்டில் சிந்திய வியர்வையில் நம்மவர் வியர்வையும் உண்டு.

இதற்கிடையே ஜெர்மனியிலேயே மற்றொரு வழி பிறந்தது. பெர்லின் நகர வேதியியலறிஞர் மார்க்கிராஃப், 1747இல் கிழங்கு வகையாகிய பீட்டிலும் கரும்புச் சர்க்கரையே உள்ளது என்று கண்டறிந்தார். அவருடைய மாணாக்கர் அகார்டு, 1801இல் சைலீசியாவில் பீட்டுச் சர்க்கரைத் தொழிற்சாலையை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தொழில் வளர, சர்க்கரையின் விலை இறங்கிற்று. வேந்தர் விருந்தில் மட்டும் விளங்கிய வெண்பூச்சு, உழவர் வீட்டுச் சிறுவரின் விண்மீன் பிஸ்கோத்திலும் ஒளிர்ந்தது.

ஒரு சிறு பிஸ்கோத்தினை இரு நொடியில் உண்டுவிடலாம். ஆனால், அதனை ஆக்கப் பல கைகள் வேண்டும். உழுத கை, கரும்பு வெட்டிய கை, பால் கறந்த கை, அச்சு வளைத்த கை, மாவு திரட்டிய கை என அவை எண்ணில. தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவனே பிறர் கை உழைப்பின் அருமையை உணர்வான். கடையில் வாங்கும் இனிப்பு நாவோடு நிற்கும். உழைத்துச் செய்து, பொறுத்திருந்து, பிறர்க்குக் கொடுத்த இனிப்போ நெஞ்சில் நிலைக்கும். அடுக்களை அடுப்பு அவிந்த பின்னரும் ஆறாத வெம்மை அதுவே ஆகும்.